வெறும் வண்டியின் எடை

நிரஞ்சனுக்கு வண்டியில் ஏறினால் வயிற்றைப் புரட்டும். இரண்டு வளைவு தாண்டினால் போதும், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவான். அதனால்தான் அவன் பெண்டாட்டி பூரணி டிரைவர் ஆனாள் என்று மலையகத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் சொல்லிச் சிரிப்பார்கள். அது பாதிதான் உண்மை.

பூரணி வண்டி ஓட்டப் பழகியது குவைத்தில். வீட்டு வேலைக்குப் போயிருந்த இடத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற டிரைவர் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட்டான். வீட்டுக்கார அம்மா பூரணியைக் கூப்பிட்டு, "நீ ஓட்டப் பழகுகிறாயா?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள், இல்லாவிட்டால் குதித்திருப்பார்கள். பூரணி, "முதல்ல அந்த வண்டி மூடியத் திறந்து காட்டச் சொல்லுங்க. உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்" என்றாளாம். இந்தக் கதையை அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள். எதையும் உள்ளே பார்க்காமல் தொடமாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஊருக்குத் திரும்பியதும் கந்தப்பளையில் ஒரு பழைய கெப்பை வாங்கினாள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. மேல் டிவிசனில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு மரக்கறித் தோட்டம் இருக்கும். லீக்ஸ், கரட், முட்டைக்கோஸ் என்கிற கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு. காலையில் உச்சியிலிருந்து ஒவ்வொரு லயமாக இறங்கி, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியாச் சந்தைக்குப் போவாள். வியாபாரிகள் மத்தியானத்துக்குள் வாங்கி முடித்துவிடுவார்கள். அதனால் ஒரு நடைதான் போக முடியும். இரண்டாவது நடைக்கு நேரம் கிடையாது.

அந்த ஒரு நடையில்தான் தொல்லை இருந்தது. கடைசி லயத்துக்கு வரும்போது வண்டி நிறைந்துவிடும். அங்கேதான் அழகம்மா இருந்தாள். புருஷன் செத்தபிறகு தனியாகத் தோட்டம் போடுகிற மனுஷி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூட்டைக்குப் பக்கத்தில் கையைக் கட்டி நிற்பாள். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, மண் காப்பு ரப்பர் ரோட்டில் உரசுவதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"பரவாயில்ல புள்ள. அடுத்த நாளைக்கு ஏத்திக்கலாம்" என்று சொல்லி, மூட்டையை நிழலுக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

லீக்ஸ் அடுத்த நாளைக்கு நிற்குமா? நுனி மஞ்சளடித்துவிடும். அது இரண்டு பேருக்கும் தெரியும். அழகம்மா ஒரு தடவை திட்டியிருந்தால்கூடப் பூரணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டாததுதான் அவளை வழியெல்லாம் குடைந்தது.

இன்னும் நாலு மூட்டை ஏற வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. அதற்கு ஊரெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தது: ஸ்பிரிங் பட்டை போடு.

கந்தப்பளை டவுனில் மெக்கானிக் வீரய்யா பாஸின் கராஜ். வீரய்யா அதிகம் பேசமாட்டார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பின்சக்கரங்களுக்கு மேலே வில்லாக வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளைத் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு தடிச்ச பட்டை போட்டா வண்டி தூக்கி நிக்கும். ஆனா அவ்வளவுதான். பாத்துக்கங்க" என்றார்.

எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற பூரணி, அந்த 'அவ்வளவுதான்' என்றால் என்ன என்று அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் காது அடைத்துப்போயிருந்தது.

பட்டை போட்ட வண்டி நிஜமாகவே எழும்பி நின்றது. வெறுமனே ஓட்டினால் குதிரை மாதிரித் துள்ளியது. சந்தையிலிருந்து வாங்கிவந்த முட்டைத் தட்டில் பாதி வீட்டுக்கு வரும்போது உடைந்திருந்தது. நிரஞ்சன் அதைப் பார்த்து, "நல்ல வேள, நான் உள்ள இல்ல" என்றான். ஆனால் மூட்டை ஏற்றியபோது பின்பக்கம் தாழவே இல்லை. அழகம்மாவின் மூட்டைகளும் ஏறின. கடைசியில் ஏறியவை என்பதால் தட்டின் வால்நுனியில் வைத்து, கதவை மூடி, கயிறு போட்டுக் கட்டினாள். அழகம்மா வண்டியைச் சுற்றிவந்து ஒரு தடவை தட்டிக்கொடுத்தாள், மாட்டைத் தட்டுவதுபோல.

கொஞ்ச நாள் எல்லாம் நல்லாத்தான் போனது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் மரத்தில் விழுகிறதே என்று ஒரு காலைப் பனியில் கவனித்தாள். ஸ்டேரிங் முன்னைவிட லேசாக இருக்கிறதே என்றும் தோன்றியது. பழைய வண்டி, இளகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி லயத்தைத் தாண்டி மெயின் ரோட்டைப் பிடிக்க ஒரு செங்குத்தான ஏற்றம் ஏற வேண்டும். நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. ஒரு காலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. வளைவில் பூரணி ஸ்டேரிங்கை முழுசாக ஒடித்தாள். சக்கரம் திரும்பியது. வண்டி திரும்பவில்லை. நேராகப் போய், முன்சக்கரத்தைக் கானுக்குள் இறக்கிவிட்டு நின்றது. அந்தத் தண்ணீர் ஓடும் பள்ளம் மட்டும் அங்கே இல்லையென்றால் கீழே தேயிலைச் சரிவுதான். வால்கதவு திறந்துகொண்டு நாலைந்து கோவா குதித்து, செடிகளுக்கிடையில் உருண்டு போயின.

பூரணிக்கு அடி எதுவும் இல்லை. இறங்கி, கல் ஒன்றை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, வண்டியின் முன்னால் போய் நின்றாள். அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் குகநேசன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்.

"உங்களுக்கு ஏதும் அடி பட்டுதோ?"

"இல்லீங்க சேர். ஸ்டேரிங்க நல்லா ஒடிச்சேன். வண்டி கேக்கல."

"முன் சில்லு திரும்பினதோ?"

"திரும்புச்சு சேர். ஆனா ரோட்டப் புடிக்கல. வழுக்கிக்கிட்டுப் போச்சு."

சத்தம் கேட்டு, பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு இறங்கி வந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். மூட்டைகளை இறக்கிவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்று பூரணி நினைத்தாள். அதற்குள் அவர்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன் பம்பரைப் பிடித்து, ஏலேலோ என்று ஒரு மூச்சுக் கொடுத்தார்கள். வண்டியின் முன்பக்கம் எழும்பி, கானுக்கு வெளியே வந்து உட்கார்ந்தது.

பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பூரணி சிரிக்கவில்லை. குகநேசனும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சேர், இஞ்சின் இருக்கிற பக்கம் இவ்வளவு லேசா இருக்குமா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்றார் குகநேசன். குந்தியிருந்து வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தார். "பாரம் முழுக்கப் பின்னுக்கெல்லோ கிடக்கு."

"லொறின்னா பின்னாடிதானே சேர் பாரம் ஏத்துறது?"

"ஓம். ஆனா பின் சில்லுக்கு முன்னாலயோ, பின்னாலயோ எண்டதுதான் விசயம். சில்லுக்குப் பின்னால வச்சா, ஊஞ்சல் பலகை மாதிரி மற்றப் பக்கம் எழும்பும்."

பூரணி போய்ப் பார்த்தாள். பின்சக்கரத்துக்குப் பின்னால் தட்டு ஒரு முழத்துக்கும் மேல் நீண்டிருந்தது. கனமான மூட்டைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. தினமும் அவள் கையாலேயே அடுக்கியது. வால்பக்கம் கீழே இழுக்க, முகப்பு எழும்பியிருக்கிறது. எழும்பிய சக்கரம் எப்படி ரோட்டைப் பிடிக்கும்?

அன்றைக்கு மூட்டைகளை முன்னால் நெருக்கி அடுக்கி, மிச்சத்தை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சந்தைக்குப் போனாள். திரும்பும்போது நேராக வீரய்யாவின் கராஜ்.

"பாஸ், அன்னைக்கு 'அவ்வளவுதான்'னு சொன்னீங்களே. அப்படின்னா என்ன?"

வீரய்யா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பட்டை போட்டா வண்டி நிமிந்து நிக்கும்மா. அச்சு அதேதான். பேரிங் அதேதான். டயர், பிரேக், சட்டம் எல்லாம் பழசுதான். நீங்க ஏத்துற பாரத்த அதுங்க எல்லாம் சேந்துதானே தாங்கணும்? பட்டை ஒன்னு மட்டும் தடிச்சா மத்ததுக்கு எப்படிப் பலம் வரும்?"

"அப்ப முன்ன பின்பக்கம் தாழ்ந்துச்சே, அது…"

"போதும்னு சொன்னுச்சு. நீங்க அது வாய அடைச்சிட்டீங்க. நானும் கூட நின்னு அடைச்சேன்."

"அப்ப பாரம் கூட்டணும்னா?"

"பெரிய வண்டி வாங்கணும்."

அது நடக்கிற காரியமில்லை. பூரணி வண்டிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவுக்குக் கீழே வெள்ளைப் பெயின்டில் இரண்டு எண்கள் எழுதியிருந்தன. ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றது பாரத்தோடு சேர்ந்து மொத்தமாக இருக்கக்கூடிய எடை. ஒவ்வொரு நாளும் பார்க்கிற எண்கள்தான். இன்றைக்குத்தான் படித்தாள்.

அவளுக்குக் கொழுந்து எடுத்த காலம் ஞாபகம் வந்தது. பதினெட்டு வயதில், விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்று, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா ஒரு எடையைக் கழிப்பார். ஒரு நாள் பூரணி வெறும் சாக்கைத் தராசில் போட்டுக் காட்டினாள். கழித்ததில் பாதிகூட இல்லை. ஐயா கோபப்படாமல், "மழ பேஞ்ச அன்னிக்குப் போட்டுப் பாரு" என்றார். மழை பெய்த அன்றைக்குப் போட்டுப் பார்த்தாள். ஈரச் சாக்கு அவர் கழிக்கிற அளவுக்கு மேலேயே இருந்தது. வெயில் நாளில் அவள் சொன்னது சரி, மழை நாளில் அவர் சொன்னது சரி. வெறும் சாக்கு என்று ஒரே ஒரு எடை கிடையாது என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பட்டது.

வெறும் வண்டிக்கு மட்டும் இருக்குமா? இந்த எண்ணை எழுதியது யார், எப்போது?

நுவரெலியாவுக்கு வெளியே பழைய இரும்பு வாங்குகிற ஒருவர், லொறியோடு ஏற்றி நிறுக்கிற பெரிய தராசு வைத்திருந்தார். பூரணி மறுநாளே வெறும் கெப்பை அதில் கொண்டுபோய் ஏற்றினாள். தராசுக்காரர் வந்து தட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில், "நங்கி, இரும்பு எங்கே?" என்று தங்கையைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"இரும்பு இல்லை. வண்டியைத்தான் நிறுக்க வேண்டும்" என்று இவளும் சிங்களத்தில் சொன்னாள்.

"வண்டியையே இரும்புக்குப் போடப் போகிறாயா?" என்று சிரித்தபடி நிறுத்துச் சொன்னார்.

கதவில் எழுதியிருந்ததைவிடக் கிட்டத்தட்டக் கால் டன் அதிகம்.

பூரணி இன்னொரு தடவை நிறுக்கச் சொன்னாள். அதே எடைதான். இறங்கி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளால் ஏற்ற முடியாத நாலு மூட்டை, அவள் வாங்குவதற்கு முன்னாலேயே எங்கேயோ ஏறி உட்கார்ந்திருக்கிறது. எங்கே?

சனிக்கிழமை கராஜ் முற்றத்தில் ஒரு திருவிழாவே நடந்தது. செய்தி கேட்டுக் குகநேசன் வந்திருந்தார். நிரஞ்சனும் தேயிலைத் தொழிற்சாலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்பேனரோடு வந்தான். "ஓடாத வண்டின்னா எனக்கு ஒரு பயமும் இல்ல" என்றான்.

முதலில் கண்ணுக்குத் தெரிந்ததைக் கழற்றினார்கள். தட்டுக்கு மேலே முன்னைய சொந்தக்காரர் அடித்திருந்த தடித்த இரும்புக் கூண்டு. கூண்டுக்கு மேலே சாமான் கட்ட ஒரு இரும்புச் சட்டம். வாலுக்கு அடியில் இரண்டாவதாக ஒரு ஸ்பெயார் சக்கரம். வண்டியின் முகப்பில், மாடு முட்டினாலும் வளையாத இரும்புக் குழாய். அதில் மட்டும் வாக்குவாதம் வந்தது. வீரய்யா கழற்றச் சொன்னார்.

"உது முன்னுக்குப் பாரமா இருக்கிறதும் ஒரு நன்மைதானே?" என்றார் குகநேசன்.

"பாரம் வேணும்னா கரட்ட முன்னாடி வைக்கிறேன் சேர். இரும்ப யாரும் வாங்கித் தின்ன மாட்டாங்க" என்றாள் பூரணி. குழாயும் இறங்கியது.

இறக்கியதையெல்லாம் மூட்டை நிறுக்கிற தராசில் போட்டுப் பார்த்தார்கள். இன்னும் கணக்குச் சரிவரவில்லை. நிரஞ்சன்தான் தட்டின் தரையைக் குதிகாலால் தட்டி, "இது ரெண்டு தட்டுப் போல சத்தம் போடுதே" என்றான்.

தரைமேல் ஒரு இரும்புத் தகட்டைப் பற்றவைத்திருந்தார்கள். வீரய்யா அதை வெட்டி நெம்பினார். உள்ளேயிருந்து ஈரமண் வாடை குப்பென்று வந்தது. தகட்டுக்குக் கீழே ஊறிப்போன பலகைகள். பலகைகளுக்கிடையில் அப்பம் மாதிரிப் படிந்த மண். அந்த இருட்டில் ஒரு கரட்டுத் துண்டு முளைவிட்டு, நூல் மாதிரி வெள்ளைத் தண்டை ஒரு ஓட்டையை நோக்கி நீட்டியிருந்தது. மண்புழு நெளிந்தது.

பூரணி கையை விட்டு மண்ணை அள்ளினாள். மேலே இருந்தது கறுப்பு. அது மேல் டிவிசன் மண். கீழே கொஞ்சம் சிவப்பு. அதற்கும் கீழே ஆற்று மணல், கருங்கல் தூள். யாருக்கோ வீடு கட்ட இந்த வண்டி மணல் சுமந்திருக்கிறது. வேறு யாருக்கோ கல் சுமந்திருக்கிறது. ஒவ்வொரு நடையிலும் ஒரு பிடியை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிறது. மழையில் ஊறும்போதெல்லாம் கனத்திருக்கிறது.

"இந்தச் செவப்பு மண்ணு எந்த ஊருதுன்னு கண்டுபுடிக்க முடியுமா சேர்?" என்று கேட்டாள்.

குகநேசன் ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். "பிள்ளையளைக் கேட்டுப் பாப்பம்" என்றார்.

மண்ணை வழித்து எடுத்ததும் அசல் தரை தெரிந்தது. துரு அரித்திருந்த இடங்களை வெட்டி ஒட்டி, மேலே லேசான அலுமினியத் தகட்டை விரித்தார் வீரய்யா. தண்ணீர் தங்காமல் ஓட மூலையில் ஓட்டை வைத்தார். இரும்புக் கூண்டுக்குப் பதிலாக மெல்லிய குழாய் வளைவுகளும் மழைக்கு மூடுகிற படங்கும். தடித்த பட்டைகளைப் பூரணி கேட்பதற்கு முன்னாலேயே அவர் கழற்றி வைத்துவிட்டார். பிரேக்குக்குப் புதுக் கட்டைகள் போட்டார். பூரணி இந்தத் தடவை கழற்றிய இரும்பையெல்லாம் ஏற்றிக்கொண்டே தராசுக்குப் போனாள். "இதோ, இரும்பும் கொண்டுவந்திருக்கிறேன்" என்று கொட்டிவிட்டு, வெறும் வண்டியை நிறுத்தாள். கதவில் எழுதியிருந்ததற்குக் கிட்டத்தில் வந்திருந்தது. தராசுக்காரர் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன்னுடைய லொறியை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தார்.

வேலை அதோடு முடியவில்லை. பின்சக்கரத்தின் அச்சுக்கு நேரே, தட்டின் இரண்டு பக்கமும் பூரணி ஒரு மஞ்சள் கோடு கிழித்தாள். கனமான மூட்டைகள் கோட்டுக்கு முன்னால். லீக்ஸ் மாதிரி லேசானவை மட்டும் பின்னால். மண்ணோடு மூட்டை கட்டாதீர்கள், கரட்டைக் கழுவினால் தண்ணீர் வடியவிட்டுக் கட்டுங்கள் என்று லயம் லயமாகச் சொன்னாள். சிலர் முணுமுணுத்தார்கள். "மண்ணோட இருந்தாத்தானே வாடாம இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார். உருளைக்கிழங்குக்கு அது உண்மைதான் என்று பூரணி ஒத்துக்கொண்டாள். கிழங்கை விட்டுவிட்டு லீக்ஸ் வேரை மட்டும் உதறச் சொன்னாள்.

முதல் நாள் அழகம்மாவின் மூட்டைகள் ஏறியபோது வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்து, ஓர் இடத்தில் நின்றது. பூரணி இறங்கிப்போய் ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தாள். உரசவில்லை. ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டேரிங்கை ஒடித்தாள். கனமாக இருந்தது. கனமாக இருந்ததே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வண்டி திரும்பியது.

எல்லா நாளும் எல்லா மூட்டையும் ஏறிவிடுகிறது என்று சொல்ல முடியாது. விளைச்சல் கொட்டுகிற காலத்தில் இப்போதும் மிஞ்சும். அப்படி மிஞ்சிய ஒரு நாள் அழகம்மாதான் கேட்டாள்: "ஏன் புள்ள, எந்நாளும் மேல இருந்தே இறங்குறியே. ஒரு நாளைக்குக் கீழ இருந்து தொடங்கினா என்ன?"

கூண்டைக் கழற்றி, தரையைப் பிளந்து, மண்ணைத் தோண்டிய பூரணிக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒரு நாள் உச்சியிலிருந்து, ஒரு நாள் அடியிலிருந்து என்று மாற்றிக்கொண்டாள். அடியிலிருந்து தொடங்குகிற நாளில் முதல் மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டுபோய்த் திரும்ப இறக்கிவர வேண்டியிருக்கிறது. டீசல் கொஞ்சம் கூடத்தான் போகும். போகட்டும் என்றாள். நிரஞ்சன் இரவுச் சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

இப்போது வீரய்யாவிடம் யாராவது பட்டை போடச் சொல்லி வந்தால், "முதல்ல வெறும் வண்டிய நிறுத்துட்டு வாங்க" என்கிறார். சிலர் போகிறார்கள். சிலர் வேறு கராஜுக்குப் போய்விடுகிறார்கள். போன மாதம் உடப்புசல்லாவையிலிருந்து ஒருவர், தண்ணீர்த் தாங்கி ஏற்றுகிற கெப்பைக் கொண்டுவந்திருந்தார். பாரம் அளவாகத்தான் இருக்கிறது, மூட்டை மாதிரிப் பின்னுக்கும் இல்லை, ஆனால் பிரேக் பிடித்து நின்றபிறகு வண்டி தானாக ஒரு அடி முன்னால் நகர்கிறது என்றார். வீரய்யா பிரேக்கைப் பிரித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

கரட் இறக்கிவிட்டு அந்த வழியாக வந்த பூரணி நின்று கேட்டாள். தாங்கியைத் தட்டினாள். பாதி நிறைந்திருந்தது.

"எப்பவும் பாதிதான் ஏத்துவீங்களா?"

"முழுசா ஏத்தினா கனம்னு பாதிதாங்க ஏத்துறேன்."

"முழுசா இருந்தா தண்ணி ஆடாது. பாதியா இருந்தா…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். கையால் வண்டியை ஒரு தடவை அசைத்தாள். உள்ளே தண்ணீர் போய்த் தாங்கியின் முன்சுவரில் மோதி, திரும்பி வருகிற சத்தம் கேட்டது. காதைத் தாங்கியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "இன்னொரு தடவ ஆட்டிப் பாக்குறேன்."